பின்னால் நிற்கும் ஆள்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். மாதிரிக்கு எடுத்த ஒவ்வொரு கையுறையிலும் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் ஒரு சொட்டாவது கசிந்துவிடும். கசியாவிட்டால்தான் எனக்கு மனசு ஒப்பாது, இன்னொரு தடவை பார்ப்பேன். வீட்டிலும் அப்படித்தான். மீன்காரர் காலையில் வந்த மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். என் கணவர் குழம்பு நன்றாக இருக்கிறது என்றால் அவர் முகத்தை விட்டுவிட்டுத் தட்டைப் பார்ப்பேன்.

அப்பேர்ப்பட்ட நான் ஒரே ஒரு இடத்தில் மட்டும் மூன்று வருடம் எதையும் சோதிக்காமல் இருந்தேன். அந்த இடத்துக்குப் பட்டறை என்று பெயர்.

புக்கிட் காத்திலில் ஒரு டயர் கடைக்குப் பின்புறம் இருக்கும் தகரக் கூரைக் கொட்டகை அது. ஒரு காலத்தில் வெல்டிங் பட்டறை. எடைப்பயிற்சிக் கூடமாக மாறி இருபத்திரண்டு வருடமாகியும் பழைய பெயர் போகவில்லை. நடத்துகிற டெஸ்மண்ட் அண்ணன் வெல்டர். வயது ஐம்பத்தெட்டு. சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பராமரிப்பு வேலை வரும்போது அங்கே போவார், மற்ற நாள்களில் இங்கே இருப்பார். உள்ளே இருக்கும் பெஞ்சு, தாங்கி, ஏணி எல்லாம் அவரே குழாய்களை வெட்டி ஒட்டியவை.

குறை சொல்ல ஆரம்பித்தால் எனக்கு ஒரு நாள் போதாது. குளிர்சாதனம் கிடையாது. இரண்டு மின்விசிறிகளில் ஒன்று இடது பக்கம் திரும்பினால் அங்கேயே நின்றுவிடும். நிலைக்கண்ணாடி என்பது யாரோ தூக்கிப்போட்ட அலமாரியின் கதவு. பெண்கள் உடை மாற்ற வேண்டுமென்றால் பெயிண்ட் டின்கள் அடுக்கியிருக்கும் மூலையில் ஒரு துணித்திரை. மதியம் மூன்று மணிக்கு இரும்பைத் தொட்டால் சுடும். மழை பெய்தால் தகரத்துச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பெஞ்சின் உறை கிழிந்து, முதுகு வியர்த்தால் தோலோடு ஒட்டிக்கொண்டு வரும்.

இருந்தும் அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு முன் பேரங்காடி ஒன்றில் புதிதாகத் திறந்திருந்த கூடத்துக்கு ஒரு மாதம் போனேன். அங்கே ஒரு பெண் என் உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்று அளந்து, சிவப்புக் கட்டத்தில் என்னைப் போட்டு, கவலைப்பட வேண்டாம் என்று சிரித்தாள். சுற்றிலும் கைபேசியில் தங்களையே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டறைக்கு முதல் நாள் போனபோது டெஸ்மண்ட் அண்ணன் கேட்டது ஒரே கேள்வி, மதியம் சாப்பிட்டாயா என்று. சாப்பிட்டேன் என்றதும் இருபது கிலோ வெறும் கம்பியைக் கையில் கொடுத்தார். நாற்பது வயதில் ஏன் வந்தாய், என்ன வேண்டும் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

நான் எதற்கு வந்தேன் என்று எனக்குத் தெரியும். என் வாழ்க்கையில் எல்லாமே யாராவது கைகொடுத்து வந்தது. வேலை அண்ணன் சொல்லி வாங்கிக் கொடுத்தது. கார் ஓட்டும் உரிமம், தேர்வு அதிகாரி அப்பாவுக்குத் தெரிந்தவர். கல்யாணம் ஆன பிறகு கேட்கவே வேண்டாம். என் கணவர் கணேஸ்வரன் தங்கமான மனிதர். தண்ணீர்ப் புட்டியின் மூடியைக்கூட நான் திறக்குமுன் வாங்கித் திறந்து கொடுத்துவிடுவார். சந்தைக்குப் போனால் பை அவர் கையில். நீ சிரமப்படாதே என்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. என்னால் இவ்வளவு முடியும் என்று நானே கண்டுபிடித்த ஒன்றுகூட என்னிடம் இல்லை. பெஞ்சில் படுத்து, கம்பியை நெஞ்சுக்கு இறக்கி மேலே தள்ளுகிறபோது மட்டும் அது என் கை, என் பலம். அந்த நினைப்புக்காகத்தான் தங்கா பத்துவிலிருந்து அவ்வளவு தூரம் வாரத்துக்கு நான்கு நாள் காரோட்டிக்கொண்டு போனேன்.

பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. டெஸ்மண்ட் அண்ணன் செய்த பெஞ்சில், கம்பி நழுவினால் தாங்கிக்கொள்ளப் பக்கக் கொம்புகள் கிடையாது. நழுவினால் நேரே கழுத்துதான். அதனால் பின்னால் ஆள் நிற்காமல் யாரும் கம்பிக்கு அடியில் படுக்கக் கூடாது. கொம்பு வைத்தால் என்ன அண்ணே என்று ஒருமுறை கேட்டேன். பின்னால் ஆள் இருக்கும்போது அது எதற்கு என்றார். பெரும்பாலும் அந்த ஆள் அவரேதான். தலைமாட்டில் நின்று, இரண்டு கைகளையும் கம்பிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி விரித்து வைத்திருப்பார். நாம் திணறும்போது மெல்லிய குரலில், எல்லாம் நீதான், எல்லாம் நீதான் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கம்பி மேலே போய்விடும். அப்புறம் கறுப்புப் பெயிண்ட் அடித்த சுவரில் அவரவர் பெயருக்கு நேரே புது எடையை எழுதுவார்.

என் பெயருக்கு நேரே அறுபது என்று எழுதி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கப்புறம்தான் மாநில அளவில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான, பெஞ்சில் படுத்து எடை தூக்கும் போட்டியில் பெயர் கொடுத்தேன். போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது.

அந்த வாரத்தில்தான் எங்கள் தொழிற்சாலையில் ஊழியர்களுக்கென்று ஒரு பயிற்சி அறை திறந்தார்கள். எல்லாம் புதிது. பெஞ்சின் இரண்டு பக்கமும் கனமான கொம்புகள், கம்பி விழுந்தால் அவை தாங்கிக்கொள்ளும். வேலை முடிந்து ஒரு மாலை தனியாகப் போய் ஐம்பத்தைந்து கிலோ வைத்துப் படுத்தேன். நெஞ்சுக்கு வந்த கம்பி பாதி வழியில் நின்றுவிட்டது. கொம்பில் இறக்கிவிட்டு, கொஞ்சம் ஓய்வெடுத்து, ஐம்பத்திரண்டரை வைத்தேன். அதுவும் போகவில்லை. ஐம்பதுதான் போனது, அதுவும் உதறிக்கொண்டு.

பெஞ்சு உயரம் வேறு, தூக்கம் சரியில்லை என்றெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் பட்டறைக்குப் போனேன். டெஸ்மண்ட் அண்ணன் பின்னால் நின்றார். ஐம்பத்தேழரை போனது. எழுந்து உட்கார்ந்தவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு கையுறையில் கசிவைப் பார்த்துவிட்டால், அந்தப் பெட்டி முழுவதையும் நான் நம்ப மாட்டேன்.

முதலில் தட்டுகளைச் சந்தேகப்பட்டேன். பழைய தட்டுகள், பெயிண்டால் எழுதிய எண்கள். எடை குறைவாக இருக்கலாம். இருபது கிலோ தட்டு ஒன்றை யாருக்கும் தெரியாமல் காரில் ஏற்றிக்கொண்டு போய், தொழிற்சாலையில் பெட்டிகளை நிறுக்கும் தராசில் வைத்தேன். இருபது கிலோ இருநூறு கிராம் காட்டியது. இரும்பு யோக்கியமாகத்தான் இருந்தது. அப்படியானால் கோளாறு மனிதரிடம்.

அதன்பிறகு ஒரு வாரம் நான் பயிற்சி செய்ததைவிட டெஸ்மண்ட் அண்ணனின் கைகளைப் பார்த்ததுதான் அதிகம். லயோனல் என்று லாரி ஓட்டும் ஒரு பையன், முப்பது வயது, சுவரில் நூற்று நாற்பது வைத்திருப்பவன். அவன் தூக்கும்போது பக்கவாட்டில் நின்று பார்த்தேன். கம்பி திணறுகிற நேரத்தில் அண்ணனின் விரல்கள் அதை நெருங்கும். தொட்டனவா, தொடவில்லையா என்று தெரியாது. கண்டுபிடிக்க முடியாத இடத்தில் கையை வைத்துக்கொள்ள இருபத்திரண்டு வருடத்தில் பழகியிருப்பார் என்று தோன்றியது. எடை ஏறிக்கொண்டே போனால்தானே ஆள் நிற்பார்கள். நான் பெண் என்பதால் எனக்கு மட்டும் இரக்கப்படுகிறாரோ என்றும் தோன்றியது. அதை நினைத்தாலே உடம்பெல்லாம் எரிந்தது.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. என் கணவரும் சுங்கை ஊடாங் ஆலையில்தான் வேலை செய்கிறார். அண்ணனை அவருக்கு எனக்கு முன்பே தெரியும். இரவுச் சாப்பாட்டின்போது நேராகக் கேட்டுவிட்டேன், டெஸ்மண்ட் அண்ணனிடம் என்னைப் பற்றி ஏதாவது சொன்னீர்களா என்று. அவர் தோசையைப் பிய்ப்பதை நிறுத்தினார். நீ சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னேன் என்றார்.

“என்னன்னு?”

“கொஞ்சம் பாத்துக்குங்கண்ணேன்னு. வேற ஒன்னும் இல்ல லா. இரும்பு, மேல விழுந்துட்டா?”

நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். மூன்று வருடமாக என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்றுக்கும் பின்னால் இவர் கை. அன்று எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

மறுநாள் இரும்புக் கடையில் ஒரு டப்பா நீலப் பொடி வாங்கினேன். மரவேலைக்காரர்கள் நூலில் தடவிச் சுண்டிக் கோடு போடுவார்களே, அந்தப் பொடி. தொட்டால் விரலில் ஏறிக்கொள்ளும், சோப்புப் போட்டாலும் சட்டென்று போகாது. பட்டறைக்குச் சீக்கிரமாகப் போய், கம்பியின் அடிப்பக்கத்தில், என் கைப்பிடிக்குச் சற்று உட்புறமாக இரண்டு பக்கமும் தடவினேன். நடுவில் நெஞ்சு படும் இடத்தை விட்டுவிட்டேன். பழைய கம்பி கறுத்துப்போனது. பொடி இருப்பது வெளியே தெரியவில்லை.

ஐந்தரை மணிக்கு அறுபது கிலோ வைத்துப் படுத்தேன். லயோனல் ஓரமாக உட்கார்ந்து காலுறை மாற்றிக்கொண்டிருந்தான். அண்ணன் தலைமாட்டில் வந்து நின்றார். இறக்கினேன், தள்ளினேன். பாதியில் நின்றது. எல்லாம் நீதான், எல்லாம் நீதான் என்று குரல் கேட்டது. கம்பி போய்விட்டது.

எழுந்ததும், கையைக் காட்டுங்கள் அண்ணே என்றேன். எதற்கு என்று கேட்டுக்கொண்டே நீட்டினார். இரண்டு கைகளிலும் நடுவிரலும் மோதிர விரலும் நுனியில் நீலமாக இருந்தன.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, ஆனால் பேச்சு நிற்கவில்லை. எனக்கு மட்டும் இப்படியா, எல்லாருக்குமா என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் சொன்னதற்காகவா என்று கேட்டேன். மூன்று வருடமாக என்னை ஏமாற்றினீர்களே, எந்த முகத்தோடு சுவரில் எழுதினீர்கள் என்றும் கேட்டேன். அந்தக் கடைசிக் கேள்வியை இன்று நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடிபட்டவர் முகம் எனக்குப் பழக்கம். தொழிற்சாலையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவர் முகம் அப்படி இல்லை என்பது அப்போதே கண்ணில் பட்டது. நான்தான் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

“நான் தொடல ராணி” என்றார். “சத்தியமா தொடல.”

“அப்ப இது என்னண்ணே?”

“தெரியல.”

தெரியல என்பதை ஒத்துக்கொள்வதாக நான் எடுத்துக்கொண்டேன். லயோனல் கம்பியைக் குனிந்து பார்த்தான். பொடி விரல் அகலத்துக்கு அழிந்திருந்தது. அவன் போய், தண்ணீரில் நனைத்த துணியால் சுவரில் தன் பெயருக்கு நேரே இருந்த நூற்று நாற்பதைத் துடைத்தான். திரும்பி வந்தபோது கோபம் அண்ணன் மேல் இல்லை, என் மேல். “தெரியாமலே இருந்திருக்கலாம்க்கா” என்றான்.

அதன்பிறகு பட்டறை பட்டறையாக இல்லை. அண்ணன் முதல் வேலையாகக் குழாயை வெட்டி அந்தப் பெஞ்சுக்கு இரண்டு கொம்புகளை ஒட்டினார். இருபத்திரண்டு வருடம் செய்யாததை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடித்துவிட்டார். பெருஞ்சுமை தூக்கும்போது அப்போதும் ஒருவர் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. ஆனால் என் நீலப் பொடி டப்பாவைப் பெஞ்சுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு தூக்குக்கு முன்பும் கம்பியில் தடவ வேண்டும். முடிந்ததும் பின்னால் நின்றவர், பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுவதுபோல எல்லார் முன்னாலும் விரலைக் காட்ட வேண்டும். வளர்ந்த ஆண்கள் வரிசையாக நின்று விரலைக் காட்டினார்கள். சிரிக்கிற விஷயம்தான், ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. யாருக்கு யார் தொட்டார் என்று பேச்சு வந்தது. மூன்று பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். நான் கொம்புகளை நம்பித் தனியாகத் தூக்கினேன். நான் உண்மையாகத் தூக்கும் எடை ஐம்பது என்று தெரிந்தது. அதை வைத்து உழைத்தேன். அண்ணனோடு தேவைக்குமேல் பேசவில்லை. வீட்டிலும் அப்படித்தான். கணவர் புட்டியை எடுத்தால் பிடுங்கிக்கொண்டேன்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அண்ணன் என்னிடம் வந்தார். சுவரில் அவர் பெயருக்கு நேரே நூற்றுப் பத்து என்று பல வருடமாக இருந்தது. அவருக்குப் பின்னால் இதுவரை நின்றவர்கள் லயோனலும் அவனுக்கு முன்பு வந்தவர்களும். தன்னுடையதும் பொய்யாக இருக்குமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அறுபது வயதை நெருங்குகிறவருக்கு அந்த நினைப்போடு படுக்கப் பிடிக்கவில்லை போலும். நூறு வைத்துப் பார்க்கப் போவதாகவும், பின்னால் நான் நிற்க வேண்டும் என்றும் கேட்டார்.

“நான் எதுக்குண்ணே?”

“இவனுங்க எல்லாம் பாசத்துல தொட்டுருவானுங்க. நீ தொட மாட்ட. உனக்கு என் மேல கோவம் இருக்கு.”

அவர் சொன்னது சரிதான். கோபம் இருந்தது. அவர் கம்பி பாதியில் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்றுகூட உள்ளுக்குள் இருந்தது, மறைப்பானேன். பொடி தடவினார்கள். லயோனல் ஒரு பக்கம் நின்றான். நான் தலைமாட்டில் நின்று கைகளைக் கம்பிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி வைத்தேன். கவனமாக வைத்தேன்.

அவர் இறக்கினார். நெஞ்சில் ஒரு கணம் வைத்துத் தள்ளினார். பாதி வழியில் கம்பி நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது, முகம் கறுத்தது, கண்கள் நேரே என்னைப் பார்த்தன. தலைகீழாகத் தெரிந்த அந்தக் கண்களை மட்டும்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கம்பி அசைந்தது, மெதுவாக, மிக மெதுவாக மேலே ஏறித் தாங்கியில் போய் உட்கார்ந்தது.

அவர் எழுந்து மூச்சு வாங்கினார். “தொட்டியா?”

“இல்லண்ணே” என்றேன். கோயிலில் நின்று சொல்லச் சொன்னாலும் அப்படியேதான் சொல்லியிருப்பேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, பல நாள்களுக்குப் பிறகு.

லயோனல்தான், விரலைக் காட்டுங்கக்கா என்றான். நீட்டினேன். வலது கையில் மூன்று விரல், இடது கையில் இரண்டு. நீலம்.

பொடி உதிர்ந்து விழுந்திருக்கும் என்றேன். நானே குனிந்து கம்பியின் அடியைப் பார்த்தேன், அதுதானே என் வேலை. உதிர்ந்தால் அப்படி அழியாது. விரலுக்கு விரல் தடம் இருந்தது. ஒரு பக்கம் மூன்று, ஒரு பக்கம் இரண்டு. என் கை கம்பியைத் தொட்ட நினைவு எனக்குக் கொஞ்சமும் இல்லை. பாரத்தை உணர்ந்த நினைவும் இல்லை. கண் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கை தன் போக்கில் போயிருக்கிறது. கோபம் இருந்த எனக்கே இந்த லட்சணம்.

பத்தொன்பது வருடம் மற்றவர்களின் ஓட்டையைத் தேடியவள் நான். அன்று என் கைகளையே நம்ப முடியாமல் நின்றேன். அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

டெஸ்மண்ட் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தார். குத்திக்காட்டுவார் என்று காத்திருந்தேன்.

“எனக்கும் அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு” என்றார்.

அவ்வளவுதான். லயோனலைக் கூப்பிட்டு, கம்பியைத் துடைத்துவிட்டுத் தொண்ணூறு போடச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே போய் டயர் கடைச் சுவரில் சாய்ந்து நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, அவர் தொண்ணூறைத் தூக்குவதைத் தூரத்தில் நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். கொம்புகளைத் தவிர அவருக்குத் துணை இல்லை. தூக்கிவிட்டார்.

போட்டி ஆயர் கெரோ பக்கம் ஒரு சமூக மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை காலை. வர வேண்டாம் என்று நான் சொல்லியும் என் கணவர் வந்தார். அண்ணனும் லயோனலும் வந்தார்கள். மேடையில் பெஞ்சுக்கு இரண்டு பக்கமும் தலைமாட்டிலும் மூன்று பேர் நின்றார்கள், யாரென்றே தெரியாத இளைஞர்கள். நடுவர் சைகை காட்டும்வரை அவர்கள் கம்பியைத் தொடக் கூடாது, தொட்டால் அந்தத் தூக்கு செல்லாது. சட்டம் எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இருந்தும் தலைமாட்டில் நின்றவனிடம் கையை நன்றாகத் தள்ளி வைத்துக்கொள் தம்பி என்று மலாயில் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அரை அடி பின்னால் போனான்.

மூன்று வாய்ப்பு. முதலில் ஐம்பது, போய்விட்டது. இரண்டாவது ஐம்பத்தைந்து. பாதியில் நின்று, நான் பல்லைக் கடித்துத் தள்ளித் தள்ளி மேலே போனது. தூக்கு செல்லும் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்குகளும் எரிந்தன. அப்போதும் எனக்கு நம்பிக்கையில்லை. பக்கவாட்டிலிருந்து லயோனல் கைபேசியில் எடுத்த காணொளியை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பிக்கும் அந்தப் பையனின் விரலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. நிறுத்தி நிறுத்தி நான்கு தடவை பார்த்தேன். வெளிச்சம் கடைசிவரை இருந்தது.

மண்டபமே கைதட்டியிருந்தது. மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் மட்டும் தட்டவில்லை. என் கணவரும் டெஸ்மண்ட் அண்ணனும். பக்கத்தில் பக்கத்தில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. இவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. மறுபடியும் இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ பேசி வைத்திருக்கிறார்கள். என் ஐம்பத்தைந்தில் என்ன கோளாறு.

மூன்றாவது வாய்ப்புக்கு ஐம்பத்தேழரை கேட்பதுதான் புத்திசாலித்தனம். நான் அறுபது கேட்டேன். அந்த அறுபதில் எவ்வளவு என்னுடையது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நெஞ்சுக்கு இறக்கினேன். நடுவர் சொன்னதும் தள்ளினேன். நான்கு விரல்கடை ஏறியது. நின்றது. பட்டறையில் இந்த இடத்தில்தான் அது எப்போதும் மறுபடி நகரும். இங்கே நகரவில்லை. தலைமாட்டில் நின்றவன் முகம் கவலையோடு குனிந்திருந்தது, கைகள் தள்ளியே இருந்தன. நான் தள்ளிக்கொண்டே இருந்தேன். இரண்டு விநாடி இருக்கும். நாற்பத்து மூன்று வருடத்தில் யாரும் கை வைக்காத இரண்டு விநாடி அது. பயங்கரமாக இருந்தது. அந்த நான்கு விரல்கடை உயரத்தில் அதை நிறுத்தியிருந்தது முழுக்க முழுக்க நான். பிறகு கம்பி இறங்கத் தொடங்கியது, நடுவர் கையைக் காட்டினார், மூன்று பேரும் பாய்ந்து பிடித்தார்கள்.

எழுந்தபோது என் கண்ணில் தண்ணீர் இருந்தது. தோற்றதற்காக என்று எல்லாரும் நினைத்துக் கைதட்டினார்கள். அந்த இரண்டு பேர் அப்போதும் தட்டவில்லை. மேடையிலிருந்து இறங்கி நேரே மூன்றாவது வரிசைக்குப் போனேன். இந்தத் தடவை கேட்காமல் விடுவதில்லை.

அருகே போன பிறகுதான் தெரிந்தது. இரண்டு பேரும் தங்கள் உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் திணித்து, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்திருந்தார்கள்.

“அண்ணன்தான் சொன்னாரு” என்றார் என் கணவர். “இல்லன்னா கை தானா எந்திரிச்சுரும்னு.”

எழுந்திருங்கள் என்றேன். மரநாற்காலியின் வரி உள்ளங்கையில் பதிந்து, ரத்தம் ஓடாமல் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. என் கணவரால் விரலை மடக்க முடியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தேய்த்துவிட்டேன்.